ஏழு மணி ரிங்

எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கு முதல் போன் எந்த வீட்டிலிருந்து போகிறது, யாருக்குப் போகிறது, எத்தனை தடவை அடித்து நிற்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வேவு பார்ப்பதாக நினைக்க வேண்டாம். எதிர்வீட்டில் குடியிருந்தால் இதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும். கொஞ்சம் சீக்கிரம் எழுந்து, ஜன்னல் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டால் போதும்.

எதிர்வீட்டில் இருப்பவர் சிஸ்டர். முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே கட்டி ஆண்டுவிட்டு ஓய்வு பெற்றவர். அவரைவிடப் பத்து வயது பெரியவர்கள்கூட அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஒரே மகள், ஆறு மணி நேர ரயில் தூரத்தில். அதட்டுவதற்கு ஆள் இல்லாமல் சிஸ்டரால் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நூலகத்தின் பின்னால் சும்மா கிடந்த அறையைக் கேட்டு வாங்கி, 'மூத்தோர் மன்றம்' என்று பலகை மாட்டிவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு முதல் ஆறு வரை. தேநீர், பிஸ்கட், சீட்டாட்டம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகால் நீட்டும் உடற்பயிற்சி. யாருக்கும் சம்பளம் கிடையாது, சந்தாவும் கிடையாது. சிஸ்டரின் திட்டு இலவசம். தெருவில் நாங்கள் அதைப் 'பெரிசுகள் கிளப்' என்போம். அறுபது முடிந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். நான் சேரவில்லை. எனக்கு ஐம்பத்தொன்பது நடந்துகொண்டிருக்கிறது, சில வருஷங்களாகவே.

மன்றத்தின் பெருமை தேநீரில் இல்லை, ரிங்கில் இருந்தது. உறுப்பினர்கள் பதினான்கு பேர். பாதிப் பேர் தனியாக இருப்பவர்கள், மீதிப் பேர் வீட்டில் ஆள் இருந்தும் தனியாக இருப்பவர்கள். காலை சரியாக ஏழு மணிக்கு ஒன்றாம் நம்பர் சிஸ்டர், இரண்டாம் நம்பருக்குப் போன் போடுவார். இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிடுவார். எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். இரண்டாம் நம்பர் உடனே மூன்றுக்கு அதேபோல அடிக்க வேண்டும், மூன்று நான்குக்கு. கடைசியில் பதினான்காம் நம்பர் சிஸ்டருக்கு அடிப்பார். ஏழேகாலுக்குள் வட்டம் முடிந்துவிடும். முடியாவிட்டால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு சிஸ்டரே அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். போன வருஷம் இப்படிப் போனதில், காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த பேக்கரிக்காரம்மாவைக் காப்பாற்றினார். அதற்கு முந்தைய தடவை தையல்காரரின் போன் வாளித் தண்ணீருக்குள் கிடந்தது. தையல்காரர் நன்றாகத்தான் இருந்தார், சிஸ்டர் வந்து பேசி முடிக்கும் வரை.

போனை எடுக்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. தொடக்கத்தில் எடுக்கலாம் என்றுதான் இருந்தது. ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், ஐந்தாம் நம்பர். அவர் நான்காம் நம்பரின் போனை எடுத்து உலக நடப்பைப் பேசத் தொடங்கியதில் அன்றைக்கு வட்டம் முடியப் பகல் பன்னிரண்டு ஆகிவிட்டது. மறுநாளே விதி வந்துவிட்டது. சிஸ்டருக்கு எதற்கும் விதிதான் மருந்து. மன்றத்துச் சுவரில் வெள்ளை அட்டையில், கொட்டை எழுத்தில், வரிசையாக எழுதி வைத்திருந்தார்.

இரண்டாம் நம்பர் யார் என்பதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். அவரை எல்லோரும் 'மீட்டர்' என்போம். மின்சார இலாகாவில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். மனைவி இல்லை. தெருமுனையில் திரும்பினால் இரண்டாவது வீடு. ஆள் பேச மாட்டார். ஆனால் வேலையில் இருந்த காலத்தில், வாசலில் நின்று "மீட்டர்!" என்று ஒரு குரல் கொடுப்பார் பாருங்கள், மாடியில் தூங்குகிறவனுக்கும் தூக்கம் கலைந்துவிடும். அந்தக் குரலைக் கொடுக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை என்பார்கள். உள்ளே தனியாகப் பெண்பிள்ளைகள் இருப்பார்கள், குளித்துக்கொண்டிருப்பார்கள், நாய் இருக்கும். குரல் கொடுத்துவிட்டால் அவர் மனிதர் இல்லை, இலாகா. அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சிஸ்டருக்கு ரிங் அடிக்க ஐந்து நிமிஷம் தாமதமாகிவிட்டது. மகள் போனில் இருந்தாளாம். ஏழு ஐந்துக்கு மீட்டர் வந்து வாசலில் நின்றுவிட்டார். கேட்டைத் தட்டி, "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டார். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. நானும் திறந்தேன், இரண்டு. சிஸ்டர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது முகம் பார்க்கும்படியாக இல்லை. அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மன்றத்தில், எல்லோருக்கும் தேநீர் கொடுத்து முடித்த பிறகு கேட்டார்:

"நான் செத்துட்டேனான்னு பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

மீட்டர் கோப்பையைக் கீழே வைத்தார். தையல்காரர் சிரித்துத் தொலைத்தார். அதோடு விடவில்லை சிஸ்டர். அன்றே அட்டையில் ஆறாவது விதி ஏறியது: 'முதல் ரிங் தாமதமானால் பொறுமையாகக் காத்திருக்கவும். வீடு தேடி வரக் கூடாது.' மற்றவர்களைப் போய்ப் பார்ப்பது சிஸ்டரின் வேலை. சிஸ்டரை யாரும் போய்ப் பார்ப்பது வேலையில் சேராது.

அந்த விதிக்கு வேலை வந்தது ஒரு புதன்கிழமை. ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, தானே துடைத்துவிட்ட ஈரத் தரையில் தானே வழுக்கி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சிஸ்டர் விழுந்தார். கணுக்கால் பிசகிவிட்டது, மணிக்கட்டு எலும்பு விட்டுப் போனது. போன் கூடத்து மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. எட்டத்தான் முடியவில்லை.

ஏழு மணிக்கு ரிங் போகவில்லை. மீட்டர் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு வராததால் தையல்காரருக்குப் போகவில்லை. தையல்காரர் காத்திருந்தார். ஹெட்மாஸ்டர் காத்திருந்தார். பேக்கரிக்காரம்மா, எங்கே ரிங் வந்து தவறிவிடுமோ என்று பல் தேய்க்கக்கூடப் போகாமல் காத்திருந்தார். ஊருக்குள் பதிமூன்று வீட்டில் பதிமூன்று பேர் குளிக்காமல், கஞ்சி தண்ணி குடிக்காமல், ஆளுக்கொரு போனை முறைத்துப் பார்த்துக்கொண்டு, ஆறாவது விதியைக் கட்டிக் காத்தார்கள். எட்டு மணிக்கு மீட்டர் பொறுக்க முடியாமல் தையல்காரருக்கு அடித்திருக்கிறார். அவர் எடுத்து, முறை தவறி அடித்ததற்குக் கண்டித்துவிட்டு வைத்துவிட்டார்.

என்னையும் சொல்ல வேண்டும். சிஸ்டர் வீட்டு வாசலில் செய்தித்தாள் எடுக்காமல் கிடந்ததை ஏழரைக்கே பார்த்தேன். என்னிடம் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாரே என்று கோபம் வந்தது. கோபத்தில் வேறு யோசனை ஓடவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு, மன்றத்து அறையைக் கூட்ட வருகிற பெண் சாவி கேட்டு வந்தாள். கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து சிஸ்டரின் குரல், "நேரத்துக்கு வரத் தெரியாதா?" என்றது. பிறகு தச்சரைக் கூட்டி வந்து பூட்டை உடைத்தோம்.

மறுநாள் மகள் வந்து இறங்கினாள். அம்மாவின் மூக்கு, அம்மாவின் நடை. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து நடந்த இடங்களுக்குப் போய் விசாரிக்கிற வேலை. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் நம்பாமல் திரும்பி வருவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். வந்தவள் கையோடு பெரிய பெட்டி ஒன்று கொண்டு வந்திருந்தாள், காலிப் பெட்டி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்துதான் வந்திருக்கிறாள். மூன்றாவது மாடியில் அறை தயார், லிஃப்ட் இருக்கிறது, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி.

சிஸ்டர் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, தனக்கு இங்கே பதிமூன்று பேர் இருக்கிறார்கள் என்றார். விழுந்த பத்தாவது நிமிஷம் ஆள் வந்துவிட்டது என்றார். என் வாழ்நாளில் சிஸ்டர் சொல்லிக் கேட்ட முதல் பொய் அது. சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டதால் தெளிவாகவே கேட்டது. மகள் கடைக்குப் போன நேரத்தில் பதிமூன்று பேருக்கும் போன் போய்விட்டது. இந்த முறை எடுக்கச் சொல்லி. யார் கேட்டாலும் பத்து நிமிஷம்.

வெள்ளிக்கிழமை மகள் அம்மாவைக் கைத்தாங்கலாக மன்றத்துக்குக் கூட்டி வந்தாள். எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தாளாம். பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாகப் போனாள். தையல்காரரிடம் பேச்சோடு பேச்சாக எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டாள். பத்து நிமிஷம் என்றார், கேள்வி முடிவதற்கு முன்பே. ஹெட்மாஸ்டர் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிஷம் என்றார், உண்மை போலத் தெரிய வேண்டும் என்று. பேக்கரிக்காரம்மாவுக்குப் பதற்றத்தில் எண் மறந்துபோய், "அரை மணிகூட ஆகலைம்மா" என்றார். மகள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு மீட்டரிடம் வந்தாள்.

"ரெண்டு மணி அம்பது நிமிஷம்" என்றார் மீட்டர்.

சீட்டாட்டம் நின்றது. சிஸ்டர் அவரைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"இவ்வளவு நேரம் நீங்க என்ன பண்ணீங்க?" மகளின் குரல் ஏறவில்லை. தொழில் அப்படி.

"உக்காந்திருந்தேன்."

"ஏன்?"

மீட்டர் சுவரைக் காட்டினார். மகள் தட்டை வைத்துவிட்டு அட்டையின் பக்கத்தில் போய் நின்றாள். ஆறாவது விதியை இரண்டு தடவை படித்தாளாம். அம்மாவின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா.

அன்று இரவு எதிர்வீட்டில் பெட்டி திறந்தது. புடவைகள் கட்டிலுக்கு வந்தன. பிறகு பேச்சு நடந்தது, வழக்கத்தைவிட மெதுவாக. எனக்கு வார்த்தைகள் பாதிதான் கிடைத்தன. மீதியை, அன்று ஒத்தாசைக்கு அங்கேயே தங்கியிருந்த கூட்டுகிற பெண்ணிடம் மறுநாள் கேட்டுப் பூர்த்தி செய்துகொண்டேன். சாராம்சம் இதுதான். ஆறாவது விதியைக் கிழிக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் ரிங் வராவிட்டால் இரண்டாம் நம்பர் வர வேண்டும், கதவை உடைக்காமல் வர வேண்டும், அதாவது புதுப் பூட்டின் சாவி அவரிடம் இருக்க வேண்டும். அப்புறம் மகள் தனக்கு இஷ்டப்பட்ட ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், காலையில் அம்மாவின் போனை வாங்கி வைத்துக்கொள்வாள். பதினைந்து நிமிஷத்துக்குள் ஆள் வீட்டுக்குள் வந்தால் அவள் தனியாக ரயில் ஏறுவாள். வராவிட்டால் இரண்டு டிக்கெட். இதைப் பற்றி வெளியில் மூச்சுவிடக் கூடாது.

சிஸ்டர் கட்டிலில் கிடந்த புடவை ஒன்றை ஒற்றைக் கையால் மடித்து வைத்தாராம். பிறகு, "சரி" என்றாராம்.

செவ்வாய்க்கிழமை ஆறாவது விதியின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் புது விதி எழுதியாகிவிட்டது. சாவிதான் மிச்சம். சிஸ்டர் இதுவரை யாருக்கும் சாவி கொடுத்ததில்லை, பெற்ற மகளுக்குக்கூட. தேநீர் முடிந்ததும் எழுந்து, கட்டுக்காலை இழுத்துக்கொண்டு போய், மீட்டரின் கோப்பைக்குப் பக்கத்தில் சாவியை வைத்தார். பெண் ஒருத்தி தனியாக இருக்கிற வீட்டுச் சாவி, மனைவி இல்லாத ஆண் ஒருவருக்கு, பன்னிரண்டு பேர் முன்னால். நான் அன்று மன்றத்துக்குப் பழைய பத்திரிகைகள் கொடுக்கப் போயிருந்தது தற்செயல்.

மீட்டர் தொடவில்லை. "வேற யாருக்காவது குடுங்க, சிஸ்டர். ஒரு தடவை வந்ததே போதும். தையல்காரர் வீடும் கிட்டத்தானே இருக்கு."

"தையல்காரர் பத்து நிமிஷம்னு சொன்னவர்" என்றார் சிஸ்டர். "நீங்க ரெண்டு மணி அம்பது நிமிஷம்னு சொன்னவர். எடுங்க."

தையல்காரர் சீட்டைக் கலைக்கத் தொடங்கினார். மீட்டர் சாவியை எடுத்து, எந்தப் பக்கம் எப்படிப் போகும் என்று திருப்பிப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஏழு மணிக்கு ரிங் போனது, ஏழேகாலுக்குத் திரும்பி வந்தது. மகள் சோபாவில் படுத்துத் தூங்கினாள். காலிப் பெட்டி கூடத்தில் வாயைத் திறந்தபடி கிடந்தது. ஒன்பதாம் நாள் வியாழன், தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆறு ஐம்பத்தைந்துக்கு மகள் எழுந்து வந்து அம்மாவிடம் கையை நீட்டினாள். சிஸ்டர் போனைக் கொடுத்தார். விளக்கை அணைத்துவிட்டு இருவரும் கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். நடுவில் கடிகாரம்.

ஏழு மணி ஆனது. ஏழு ஐந்து. மூடின ஜன்னல் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்க்கலாம் என்று மகள் அனுமதி கொடுத்திருந்தாள். பேசத்தான் கூடாது.

ஏழு பன்னிரண்டுக்கு மீட்டர் குடையோடு கேட்டுக்கு வந்தார். பத்து நிமிஷம் முழுசாகக் காத்திருந்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார், ஒரு விநாடி முன்னால் இல்லை. கேட்டைத் திறந்தார். படியேறி மணியை அழுத்தினார். உள்ளே யாரும் அசையவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டின் பக்கம் கொண்டுபோனார். பிறகு நின்று, திரும்பித் தெருவைப் பார்த்தார். சரியாக என் ஜன்னலைத்தான் பார்த்தார். நான் திரையை விட்டுவிட்டேன். அதற்குள் பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. இந்தத் தெருவில் மனிதர்களுக்கு வேறு வேலையே கிடையாது.

மீட்டர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

உள்ளே சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு வரைக்கும் அவர் நடந்து போவதைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், கூப்பிட்டுவிடலாம். கூப்பிட்டால் இரண்டு டிக்கெட். மகள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இதெல்லாம் பின்னால் அவளே சொன்னது.

கேட்டில் கைவைத்தபடி மீட்டர் தூறலில் நின்றார். குடையை மடக்கினார். மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி, முதுகை நிமிர்த்தி, யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றார்.

"மீட்டர்!"

ஓய்வு பெற்ற ஏழு வருஷத்தில் அந்தக் குரலை நாங்கள் கேட்கவில்லை. மேல்வீட்டுக் குழந்தை அழத் தொடங்கியது. அதன்பிறகு அவர் எந்த ஜன்னலையும் பார்க்கவில்லை. மூன்று படியும் ஏறி, சாவியைப் போட்டுத் திருப்பி, உள்ளே போய்விட்டார்.

இருட்டுக் கூடத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பதையும் நடுவில் கடிகாரம் இருப்பதையும் பார்த்தார். விஷயம் புரிய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. கோபித்துக்கொள்வார் என்று மகள் எதிர்பார்த்திருக்கிறாள். அவர் குனிந்து, வழக்கம்போலக் கண்ணைச் சுருக்கி, கடிகாரத்தைப் படித்தார்.

"ஏழு பதினாலு."

"பத்துன்னு எழுதியிருக்கு" என்றார் சிஸ்டர். குரல் சரியாக வரவில்லை, அதனால் இன்னொரு தடவை சொன்னார். "பத்துன்னுதான் எழுதியிருக்கு."

"பத்து நிமிஷம் பாத்துட்டுக் கிளம்பணும்னு எழுதியிருக்கு, சிஸ்டர். நடக்கறதுக்கு ரெண்டு. உங்க வாசல்ல ரெண்டு." ஈரக் காலோடு மிதியடியை விட்டு நகராமல் நின்றார். "முதல்ல ரிங்க அடிங்க. தையல்காரர் குளிக்காம உக்காந்திருப்பார்."

மகள் போனை அம்மாவிடம் கொடுத்தாள். சிஸ்டர் எண்ணை அழுத்தினார். இரண்டடி தூரத்தில், மீட்டரின் சட்டைப் பையில் இரண்டு தடவை மணி அடித்து நின்றது. அவர் போனை எடுத்து அங்கேயே நின்றபடி மூன்றாம் நம்பருக்கு அடித்தார்.

சனிக்கிழமை மகள் கிளம்பினாள், பெட்டியை ஒரு கையால் சுலபமாகத் தூக்கிக்கொண்டு. போகும்போது சிஸ்டர் அவளிடமும் ஒரு சாவி கொடுத்ததைப் பார்த்தேன். அடுத்த மன்றக் கூட்டத்தில் பதினாலு நிமிஷம் ஏன் ஆனது என்று சிஸ்டர் எல்லோர் முன்னாலும் மீட்டரைக் கேட்டார். படியேற வேண்டியிருந்தது என்று அவர் சொன்னார். போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக விதி எழுதலாமா என்று ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

ஒன்று மட்டும் மாறிவிட்டது, மன்றத்தில் யாருக்கும் தெரியாது. இப்போதெல்லாம் ஏழுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போதே மீட்டர் எங்கள் தெருவுக்குள் வந்துவிடுகிறார். சிஸ்டர் வீட்டு மதிலுக்கு வெளியே, விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் நிற்பார். கேட்டைத் தொட மாட்டார். பையில் இரண்டு தடவை மணி அடிக்கும். உடனே திரும்பி, மூன்றாம் நம்பருக்கு அடித்தபடியே வீட்டுக்கு நடப்பார். சிஸ்டருக்கு இது தெரியுமா என்று என்னைக் கேட்டால், அவர் வீட்டு ஜன்னலுக்கும் திரை இருக்கிறது, ஏழு மணிக்கு அது ஓரமாக விலகியிருக்கிறது என்பதைத் தவிர நான் வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.